லண்டனில் துண்டுப்பிரசுரங்கள் போன வழி

பிரிட்டன் நாடாளுமன்றம் கூடும் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனைக்குள் நுழைகிறவர்கள் அண்ணாந்து பார்த்தபடியே நடப்பார்கள். செயின்ட் ஸ்டீபன்ஸ் மண்டபத்துக்கு வந்ததும் தரையைப் பாருங்கள். பித்தளைக் குமிழ்கள் பதித்திருக்கும். மக்களவை இங்கே கூடிய காலத்தில் சபாநாயகரின் நாற்காலி இருந்த இடம் அது. பழைய கட்டடம் 1834 தீயில் அழிந்துவிட்டது. இப்போது இருப்பது அதே இடத்தில் பிறகு எழுப்பியது. 1642 ஜனவரி 4 அன்று முதலாம் சார்லஸ் மன்னர், ஆயுதம் தாங்கிய ஆட்களை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, பிம், ஹாம்ப்டன், ஹேசல்ரிக், ஹோல்ஸ், ஸ்ட்ரோட் என்ற ஐந்து உறுப்பினர்களைக் கைதுசெய்யத் தேடியது இங்கேதான். அவர்கள் ஏற்கெனவே படகேறிப் போயிருந்தார்கள். எங்கே என்று மன்னர் கேட்க, சபாநாயகர் லெந்தால் மண்டியிட்டு, இந்தச் சபை பணிக்காமல் பார்க்கத் தமக்குக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை என்றார். அதன்பிறகு சபை கூடியிருக்கும்போது எந்த மன்னரும் அரசியும் மக்களவைக்குள் கால் வைத்ததில்லை.

மண்டபத்தைப் பார்க்க இரண்டு வழி உண்டு. கட்டணச் சுற்றுலாவில் போகலாம். அது பெரும்பாலும் சனிக்கிழமைகளிலும் சபை விடுமுறைகளிலும் நடக்கும். சபை கூடும் நாளில் பார்வையாளர் மாடத்துக்கு இலவசமாகப் போகிறவர்களும் இந்த மண்டபத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும். விமான நிலையத்தில் நடப்பது போன்ற சோதனை இருக்கும், கைப்பையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வழிகாட்டிகள் மன்னர் வந்த கதையோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்கு ஆறு வாரம் முன்பு இதே அறையில் நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். 1641 நவம்பர் 22 அன்று மன்னரின் ஆட்சிமீது 204 பத்திகளில் தொகுத்த புகார்ப் பட்டியல் வாக்கெடுப்புக்கு வந்தது. 159க்கு 148, பதினோரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. அதைவிடப் பெரிய சண்டை, அதை அச்சிடலாமா என்பதில். மன்னரிடம் தர வேண்டிய புகாரை ஊர் மக்களிடம் கொண்டுபோவதா? சர் எட்வர்ட் டெரிங் என்ற உறுப்பினர், நாம் கீழ்நோக்கி முறையிடுவோம், மன்னரைப் பற்றி மக்களிடம் கதை சொல்வோம் என்று கனவிலும் நினைக்கவில்லை என்று எதிர்த்துப் பேசினார். டிசம்பர் 15 அன்று அச்சிட உத்தரவாயிற்று.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். அதே டெரிங் தம் உரைகளைத் தாமே தொகுத்து அச்சிட்டு வெளியிட்டார். 1642 பிப்ரவரியில் மக்களவை அவரைப் பதவி நீக்கி டவர் சிறைக்கு அனுப்பியது. புத்தகத்தை எரிக்கச் சொன்னது. மன்னரிடமிருந்து தன் பேச்சுரிமையைக் காத்துக்கொண்ட சபை, ஒரு மாதத்துக்குள் தன் உறுப்பினரின் பேச்சைத் தீயில் போட்டது. சபைக்குள் பேசியது சபைக்கே சொந்தம் என்பது அவர்கள் கொண்ட பொருள். அந்தப் பேச்சு வாக்களித்தவனுக்கும், வாக்கே இல்லாதவனுக்கும் சொந்தம் என்ற பொருளைத் தந்தவர்கள் வெளியே இருந்த அச்சுக்காரர்கள்.

நமக்கும் இது தூரத்து விவகாரம் அல்ல. நம் அரசமைப்புச் சட்டத்தின் 194ஆம் பிரிவு, சட்டமன்ற உரிமைகளைத் தொடக்கத்தில் பிரிட்டன் மக்களவையின் உரிமைகளைக் கொண்டே வரையறுத்தது. 1987இல் ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தபோது, கையில் எடுத்தது இந்த உரிமையைத்தான்.

வெளியே வந்ததும், பிக் பென் கோபுரத்தின் கீழே கம்பி வேலிக்குள் தெரியும் முற்றம் நியூ பேலஸ் யார்ட். உள்ளே விடமாட்டார்கள், வேலியோரம் நின்று பார்த்தால் போதும். 1637இல் பிரின், பர்ட்டன், பாஸ்ட்விக் என்ற மூவர், எழுதிய குற்றத்துக்காக இங்கே காதறுபட்டார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரல் 18 அன்று, தடைசெய்த நூல்களை ஹாலந்திலிருந்து வரவழைத்ததாக ஜான் லில்பர்ன் என்ற இளைஞரைப் ஃப்ளீட் சிறையிலிருந்து இதுவரை வண்டியில் கட்டிச் சாட்டையால் அடித்துக்கொண்டே கொண்டுவந்தார்கள். கழுத்தைப் பலகையில் பூட்டி நிறுத்திய பிறகும் அவர் பேசினார், சட்டையில் வைத்திருந்த பிரசுரங்களைக் கூட்டத்தை நோக்கி வீசினார். வாயில் துணி அடைத்துத்தான் நிறுத்த முடிந்தது.

அந்த வழியைத் திருப்பி நடக்கலாம்: ஒயிட்ஹால், ஸ்ட்ராண்ட், ஃப்ளீட் தெரு. செயின்ட் பால்ஸ் வரை மூன்று கிலோமீட்டருக்குள் வரும், நிதானமாக நடந்தால் முக்கால் மணி நேரம். பேருந்தில் போனால் அந்தச் சாட்டையடியின் நீளம் தெரியாது.

செயின்ட் பால்ஸைச் சுற்றியுள்ள வளாகம் அன்று புத்தகக் கடைத் தெரு. தேவாலயம் உட்பட எல்லாம் 1666 தீயில் போனதால் பழைய கடை ஒன்றும் மிஞ்சவில்லை. இங்கே ‘ரோஸ் அண்டு கிரௌன்’ பலகையின்கீழ் கடை வைத்திருந்த ஜார்ஜ் தாமசன், 1640 முதல் 1661 வரை வெளிவந்த பிரசுரங்களையும் செய்தித்தாள்களையும் ஒன்றுவிடாமல் சேர்க்க முயன்றார். சுமார் 22,000 உருப்படிகள். பலவற்றின் முகப்பில் கைக்குக் கிடைத்த தேதியை எழுதிவைத்தார். இன்று அந்தத் தொகுப்பு யூஸ்டன் சாலையில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. வாசகர் அட்டை இலவசம். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் வேண்டும். மூலத்தைத் தராமல் படப்பிரதியைத்தான் பெரும்பாலும் தருவார்கள்.

தேதி விஷயத்தில் பலரும் தவறுவார்கள். அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. ஆகவே ஜனவரி 1641 என்று அச்சான தாள், நம் கணக்கில் ஜனவரி 1642. மன்னர் தலை வெட்டப்பட்ட 1649 ஜனவரி 30ஐ அன்றைய ஆவணங்கள் 1648 என்றே சொல்லும். ஐரோப்பாவின் பல நாடுகளைவிட இங்கிலாந்தின் காலண்டர் பத்து நாள் பின்தங்கியும் இருந்தது. இது தெரியாமல் வரிசைப்படுத்தினால் பதில் முதலிலும் கேள்வி பின்னாலும் வந்து நிற்கும்.

இந்தத் தெருவில் நிற்கும்போது பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இரண்டு முறை மடியுங்கள். நான்கு இலை, எட்டுப் பக்கம். ஒரு பென்னிக்கு விற்ற வாரச் செய்தித்தாளின் அளவு பொதுவாக அதுதான். ஓரத்தில் 1 முதல் 8 வரை எண் போட்டுவிட்டுப் பிரியுங்கள். ஒரு பக்கம் 1, 4, 5, 8. மறுபக்கம் 2, 3, 6, 7. பாதி எண்கள் தலைகீழாக இருக்கும். கம்பாசிட்டர் ஈய எழுத்துகளைக் கோத்த பிறகு, பக்கங்களை இந்த வரிசையில்தான் இரும்புச் சட்டத்துக்குள் முடுக்குவார். அப்படி முடுக்கிய தொகுப்புதான் ஃபாரம். ஒரு பக்கம் இடம் மாறினால் முழு ஃபாரமும் வீண்.

தாள்களை முந்தின இரவே நனைத்து அடுக்கி வைப்பார்கள். ஈரம் கூடினால் மை கசியும், குறைந்தால் எழுத்து வெளிறும். மர அச்சுப்பொறிக்கு இரண்டு ஆள்: கம்பளி அடைத்த தோல் பந்துகளால் ஒருவர் மை தடவ, மற்றவர் நெம்புகோலை இழுப்பார். மணிக்குச் சுமார் 250 தாள், ஒரு பக்கம் மட்டும். ஆயிரம் பிரதி வேண்டுமென்றால் இருபக்கமும் சேர்த்து 2,000 முறை அச்சிட வேண்டும், எட்டு மணி நேரம். காலையில் மன்னர் சொன்னதற்கு மறுநாள் மாலை பதில் தெருவில் கிடைத்தது இந்தக் கணக்கால்தான். அவசரத்தின் தடயமும் தாளிலேயே இருக்கும். கையெழுத்துப் பிரதி எத்தனை பக்கம் பிடிக்கும் என்ற மதிப்பீடு தவறினால் கடைசிப் பக்கத்தில் எழுத்து திடீரெனச் சிறுத்துவிடும். வேலையை இரண்டு கடைக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால் நடுவில் எழுத்துருவே மாறும். பெயரில்லாப் பிரசுரத்தை யார் அச்சிட்டார் என்று ஆய்வாளர்கள் இன்றும் உடைந்த ஈய எழுத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

இத்தனையையும் ரகசியமாகச் செய்ய வேண்டியிருந்தது. ஸ்டார் சேம்பர் நீதிமன்றம் 1637இல் லண்டனின் அச்சக உரிமையாளர் எண்ணிக்கையை 20 ஆகக் கட்டுப்படுத்தியது. 1641இல் அந்த நீதிமன்றத்தையே நாடாளுமன்றம் ஒழித்ததும் தணிக்கை சரிந்தது. ஆனால் 1643 ஜூனில் அதே நாடாளுமன்றம் முன் அனுமதி முறையைத் திரும்பக் கொண்டுவந்தது. தேடிப் பிடிக்கும் அதிகாரத்தில் பங்கு பெற்றது அச்சுக்காரர்கள், புத்தக வியாபாரிகளின் சங்கமான ஸ்டேஷனர்ஸ் கம்பெனி. அவர்களுடைய மண்டபம், தீக்குப் பிறகு கட்டியது, செயின்ட் பால்ஸுக்கு மேற்கே ஏவ் மரியா லேனில் இருக்கிறது.

வடக்கே பத்து நிமிடம் நடந்தால் கிளாத் ஃபேர். 41–42ஆம் எண் வீடு தீக்கு முந்தையது. அந்தக் காலத் தெருவின் அகலமும் இருட்டும் இங்கேதான் புரியும். 1663 அக்டோபரில் ஒரு விடியற்காலை நான்கு மணி வாக்கில், இந்தத் தெருவில் ஜான் ட்வின் என்ற அச்சுக்காரரின் கதவை அதிகாரி ரோஜர் லெஸ்ட்ரேஞ்ச் தட்டினார். மன்னரும் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று வாதிடும் நூல் உள்ளே அச்சாகிக்கொண்டிருந்தது. கதவு திறக்க அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் ஃபாரத்தை உடைத்துவிட்டார்கள். ஒரு மூலை மட்டும் கலையாமல் நின்றது. அதைப் புதிதாக அச்சான தாளின் மூலையோடு வைத்துப் பார்த்தார்கள், பொருந்தியது. எழுதியவர் யார் என்று ட்வின் கடைசிவரை சொல்லவில்லை. 1664 பிப்ரவரியில் கொடூரமாகக் கொல்லப்பட்டார். அங்கே அவருக்கென்று கொஞ்சம் நின்றுவிட்டு வாருங்கள்.

அதே மாலையில் லண்டன் நகராட்சி மண்டபமான கில்ட்ஹாலையும் பார்த்துவிடலாம். நிகழ்ச்சி இல்லாத நாளில் பெரிய மண்டபம் திறந்திருக்கும். ஐவரைத் தேடி 1642 ஜனவரி 5 அன்று மன்னர் இங்கே வந்து வெறுங்கையோடு திரும்பினார். நாடாளுமன்ற உரிமை, நாடாளுமன்ற உரிமை என்று கூட்டம் கத்தியது. ஹென்றி வாக்கர் என்ற முன்னாள் இரும்பு வியாபாரி, “இஸ்ரவேலே, உன் கூடாரங்களுக்குப் போ” என்ற விவிலிய வரியைத் தலைப்பாகக் கொண்ட தாளை மன்னரின் வண்டிக்குள்ளேயே வீசினார். சபைக்குள் லெந்தால் மண்டியிட்டுச் சொன்னதைத் தெருவில் வாக்கர் நின்றபடி சொன்னார். 1649 அக்டோபரில் லில்பர்ன்மீது தேசத்துரோக வழக்கு நடந்ததும் இதே மண்டபத்தில். இம்முறை சிறை வைத்தது மன்னரில்லாத நாடாளுமன்றம். நடுவர் குழு விடுதலை செய்தது.

பட்னிக்கு அரை நாள் போதும். டிஸ்ட்ரிக்ட் ரயிலில் பட்னி பிரிட்ஜ் இறங்கிப் பாலத்தைக் கடந்தால் தென்கரையில் செயின்ட் மேரி தேவாலயம். கோபுரம் பழையது, மற்றது பெரும்பாலும் பின்னால் கட்டியது. 1647 அக்டோபர் 28 அன்று இங்கே மன்னரை எதிர்த்துப் போரிட்ட நாடாளுமன்றப் படையின் தளபதி கிராம்வெல்லும் அதிகாரிகளும் லெவலர்கள் என்னும் சமன்செய்வோரும் வாக்குரிமை உள்ளிட்ட கோரிக்கைகளைப் பற்றி வாதிடத் தொடங்கினார்கள். இங்கிலாந்தின் மிகப் பெரியவனைப் போலவே மிக ஏழைக்கும் வாழ ஒரு வாழ்வு உண்டு என்ற கர்னல் ரெயின்ஸ்பரோவின் வாக்கியம் சுவரில் இருக்கிறது. வில்லியம் கிளார்க் எடுத்த சுருக்கெழுத்துக் குறிப்பு ஆக்ஸ்ஃபோர்டின் வூஸ்டர் கல்லூரியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை தூங்கியது. அடுத்த மாதம் வேர் நகரருகே படை அணிவகுத்தபோது, வீரர்கள் சிலர் ‘மக்களின் ஒப்பந்தம்’ என்ற பிரசுரத்தைத் தொப்பியில் செருகிக்கொண்டு வந்தார்கள். ஒருவரைச் சுட்டார்கள்.

கடைசியாக பர்ஃபோர்ட். பேடிங்டனிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு ரயிலில் ஒரு மணி நேரம், அங்கிருந்து மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் பேருந்து. பேருந்து குறைவு, இறங்கியவுடன் திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 1649 மே மாதம் லெவலர்கள் பக்கம் நின்று கலகம் செய்த சுமார் 340 படைவீரர்களை இந்த ஊர்த் தேவாலயத்தில் அடைத்தார்கள். 17ஆம் தேதி தாம்சன், பெர்கின்ஸ், சர்ச் என்ற மூவரை வளாகத்தில் சுட்டார்கள். வெளிச்சுவரில் அவர்கள் பெயர்ப் பலகை உண்டு. ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியை ஒட்டி நினைவு நாள் நடக்கிறது.

உள்ளே போய் ஞானஸ்நானத் தொட்டியைத் தேடுங்கள். அதன் ஈயப் பூச்சில் ஒரு கைதி கீறிய பெயர் இருக்கிறது: ஆன்டனி செட்லி, 1649, கைதி. அந்த ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. நேர் வெளிச்சத்தில் கீறல் சரியாகத் தெரியாது. பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்.