எண்ணெய் குறைத்த சிப்ஸ்: கொழும்புச் சமையலறையில் சரிவந்த முறை

தாச்சி நிறைய எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு சிப்ஸில் 100 கிராமுக்கு 30 முதல் 35 கிராம் எண்ணெய் இருக்கும். இங்கே சொல்லும் முறையில் அது ஏறத்தாழ 10 கிராம். பலமுறை செய்து பார்த்ததில் ஒன்று தெளிவானது: எண்ணெயைக் குறைப்பது சுலபம், தண்ணீரை வெளியேற்றுவதுதான் பெரும்பாடு. மெத்தென்று போவதும் தோல்போல் இழுபடுவதும் பெரும்பாலும் கிழங்கில் நின்றுவிட்ட தண்ணீரால்தான் வருகின்றன.

உருளைக்கிழங்கில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். பொரிக்கும்போது அது ஆவியாகிப் போன துளைகளில் எண்ணெய் புகுகிறது. அதில் பெரும்பகுதி சட்டிக்குள் இருக்கும்போது ஏறுவதில்லை. வெளியே எடுத்து ஆறும்போது உள்ளே நிற்கும் நீராவி சுருங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுக்கிறது. பொரித்துத்தான் சாப்பிடுவோம் என்பவர்கள் சூடாக இருக்கும்போதே வடிதட்டில் நன்றாக உதறி, உடனே தாளில் ஒற்றினால் ஓரளவு குறையும். மூன்றில் ஒரு பங்காக்க வேண்டுமென்றால் ஓவன்தான்.

முதலில் கிழங்கு. வெள்ளவத்தைச் சந்தையிலோ புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவிலோ வாங்கும்போது நுவரெலியாக் கிழங்கா, வெலிமடையா, இறக்குமதியா என்று கேட்பதோடு நிற்க வேண்டாம். ஊரைவிட மாப்பிடிப்பு முக்கியம். ஒரு லீற்றர் தண்ணீரில் 125 கிராம் உப்பைக் கரைத்துக் கழுவிய கிழங்கைப் போடுங்கள். தாழ்ந்தால் மாப்பிடிப்புள்ளது, சிப்ஸுக்கு நல்லது. மிதந்தால் நீர்ப்பிடிப்பானது, கறிக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த உப்புத்தண்ணீரைப் போத்தலில் ஊற்றி வைத்தால் அடுத்த முறைக்கும் உதவும்.

கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவே கூடாது. குளிரில் மாச்சத்து சர்க்கரையாக மாறும். அந்தச் சர்க்கரை மொறுமொறுப்பு வருமுன்னே துண்டைக் கபில நிறமாக்கிக் கசக்க வைக்கும். குளிர்க்களஞ்சியத்தில் கிடந்து வந்த கிழங்குக்கும் இதே குணம் உண்டு. காற்றோட்டமான இருட்டு இடத்தில் ஓரிரு வாரம் வைத்தால் கொஞ்சம் சரிவரும், ஆனால் நம் வெக்கைக்கு அதற்குள் முளை கட்டத் தொடங்கிவிடும். பச்சை படிந்த கிழங்கு எதற்கும் வேண்டாம்.

தோல் சீவிய கிழங்கு 400 கிராம் என்று கணக்கு வைப்போம். தடிப்பு 1.5 மில்லிமீற்றர். அதைவிட மெல்லியது ஓரம் கருகும், 2 மில்லிமீற்றரைத் தாண்டினால் நடு வேகுமே தவிர முறுகாது. கத்தியால் இவ்வளவு சீராக வெட்டும் கைகள் உண்டுதான், ஆனால் ஒரு சீவல்பலகை வாங்கிவிடுவது நல்லது. கைக்காப்பு இல்லாமல் அதைத் தொட வேண்டாம். தடிப்பு சமமாக இல்லாவிட்டால் ஒரே தட்டில் பாதி கருகி, பாதி பச்சையாக நிற்கும். அதை எந்த ஓவனாலும் திருத்த முடியாது.

சீவியதும் பச்சைத்தண்ணீரில் மூன்று முறை அலச வேண்டும். முதல் தண்ணீர் பால்போல் வரும், அது வெட்டுப்பட்ட கலங்களிலிருந்து வந்த மா. அது தங்கினால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும். தண்ணீர் தெளிந்தபின் 15 நிமிடம் ஊறவிட்டால் சர்க்கரையும் கொஞ்சம் இறங்கும்.

பலர் விட்டுவிடும் படி அடுத்தது. ஒன்றரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒன்றரை மேசைக்கரண்டி வினாகிரியும் மூன்று தேக்கரண்டி உப்பும் போட்டு, துண்டுகளை 2 நிமிடம் அவித்து உடனே வடிக்க வேண்டும். புளிப்பு கிழங்கின் ஓரங்கள் கரையாமல் பிடித்து வைக்கும், வெந்தாலும் துண்டு உடையாது. அவிக்காமல் ஓவனில் வைத்த துண்டு வெளியே காய்ந்து உள்ளே பச்சை மா மணத்தோடு நிற்கும். வினாகிரி வாசம் பின்னர் தெரியாது, பயப்பட வேண்டாம்.

வடித்ததைப் பருத்தித் துணியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே இன்னொரு துணியால் ஒற்றி, மின்விசிறிக்குக் கீழே 15 நிமிடம் விடுங்கள். மழைநாளில் 25 நிமிடமாவது வேண்டும். தொட்டால் கையில் ஈரம் படக்கூடாது. இங்கே அவசரப்பட்டால் ஓவனுக்குள் முதல் பத்து நிமிடமும் ஆவி பிடித்தலாகத்தான் போகும்.

இப்போதுதான் எண்ணெய். இரண்டு தேக்கரண்டி, அதாவது சுமார் 9 கிராம். கோப்பையில் போட்டு ஒவ்வொரு துண்டிலும் படும்படி கையால் பிசறுங்கள். எண்ணெயே இல்லாமல் ஓவனில் செய்தால் தோல்போல் இழுபடும். மெல்லிய எண்ணெய்ப்படலம் சூட்டைத் துண்டுக்குள் சீராகக் கடத்தும், மணத்தையும் தரும். தேங்காய் எண்ணெயில் நிறைகொழுப்பு அதிகம் என்றாலும் இந்த அளவுக்கு அதன் மணம் கொடுக்கும் லாபம் பெரிது என்பது எங்கள் கட்சி. தெளிப்பான் போத்தலில் ஊற்றினால் ஏசி அறையில் உறைந்து துளை அடைபடும்.

ஓவனை 150 பாகை செல்சியஸுக்கு முன்கூட்டியே சூடாக்கி, விசிறி இருந்தால் போட்டுவிடுங்கள். பேக்கிங் தாள் விரித்த தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பினால் 400 கிராமுக்கு மூன்று தட்டு பிடிக்கும். மேசை ஓவன்காரர்கள் மூன்று தடவையாக வைக்க வேண்டியதுதான், குவித்து வைத்துச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம். 12 நிமிடத்தில் திருப்பி, 130க்குக் குறைத்து இன்னும் 12 முதல் 18 நிமிடம். நடுவில் கதவை ஒருமுறை திறந்து ஆவியை வெளியே விடுவது உதவும். ஓரத்துண்டுகள் முந்தும், அவற்றை முதலில் எடுத்துவிடுங்கள்.

எப்போது முடிந்தது என்று நிறம் பார்த்துச் சொல்வதைவிடத் தராசு நம்பகமானது. 400 கிராம் கிழங்கு எல்லாத் தட்டும் சேர்த்து 90 கிராம் அளவுக்கு வந்தால் தண்ணீர் போய்விட்டது. 110 நின்றால் ஆறியதும் வதங்கும். நிறம் வெளிர் பொன் மஞ்சளோடு நிற்கட்டும். 120 பாகைக்கு மேல் கிழங்கின் சர்க்கரையும் அஸ்பரஜின் என்ற அமினோ அமிலமும் சேர்ந்து அக்ரிலமைட் உண்டாகிறது. கபிலம் ஏற ஏற அதுவும் ஏறும். 2002இல் சுவீடனில் இது வெளிவந்த பிறகுதான் சிப்ஸ் தொழிற்சாலைகளே அக்ரிலமைட்டைக் குறைக்க வழி தேடத் தொடங்கின. அலசல், அவிப்பு, கடைசியில் குறைந்த சூடு ஆகிய மூன்றும் இதற்கும் சேர்த்துத்தான்.

எயார் பிரையரில் இந்த மெல்லிய துண்டுகள் காற்றில் பறந்து மேலே சூடாகும் கம்பியில் ஒட்டிக் கருகும். மேலே ஒரு கம்பித்தட்டைக் கவிழ்த்து வைத்தால் நிற்கும். ஒரு தடவைக்கு 150 கிராம், 150 பாகை, 4 நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்கல். விரல் பருமனான சிப்ஸுக்கு அது அருமையான கருவி, இதற்கு இரண்டாந்தரம். துளி எண்ணெயும் வேண்டாம் என்பவர்களுக்கு மைக்ரோவேவ்: 800 வாட்ஸில் 3 நிமிடம், திருப்பி, பாதிச் சக்தியில் இன்னும் 2 முதல் 4. ஒரு தடவைக்கு பத்துப் பன்னிரண்டு துண்டுதான். கடைசி அரை நிமிடத்தில் கண்ணை எடுத்தால் கரி.

மரவள்ளிக்கும் இதே வழிதான், சில மாற்றங்களோடு. வெளித்தோலோடு உள்ளே இருக்கும் தடித்த தோலையும் உரிக்க வேண்டும், நச்சுத்தன்மை அங்கேதான் கூட. நீலக்கோடு விழுந்த கிழங்கை எறியுங்கள். மூடாமல் 5 நிமிடம் அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். அவிக்காத மரவள்ளி ஓவனில் கண்ணாடித் துண்டாகும், பல்லுக்குப் பொறுப்பில்லை. தண்ணீர் குறைந்த கிழங்கு என்பதால் 300 கிராமில் 115 கிராம் அளவுக்கு சிப்ஸ் கிடைக்கும்.

காலிமுகத்திடல் வண்டிக்காரரின் மரவள்ளி சிப்ஸ்போல் மிளகாய்த்தூள் இதில் ஒட்டாது, ஒட்டுவதற்கு இங்கே அவ்வளவு எண்ணெய் இல்லையே. உப்பையும் மிளகாய்த்தூளையும் மாவாக அரைத்து, அரைத் தேக்கரண்டி எண்ணெயில் குழைத்துக் கடைசி 3 நிமிடத்தில் பிசறி வையுங்கள். முதலிலேயே போட்டால் மிளகாய் கருகி இருமல்தான் மிச்சம். 90 கிராமுக்குக் கால் தேக்கரண்டி உப்பு போதும், அவித்த தண்ணீரிலும் கொஞ்சம் ஏறியிருக்கும். அடங்கும் சூட்டில் கறிவேப்பிலையைக் காயவைத்து நொறுக்கித் தூவினால் இன்னும் நன்று.

கொழுப்புக் குறைந்ததே தவிர மாச்சத்து போகவில்லை. 100 கிராமுக்குப் பொரித்ததில் 540 கலோரி என்றால் இதில் 430 அளவில் நிற்கும். நீரிழிவுள்ளவர்கள் அளவைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

கொழும்புக் காற்றில் திறந்த தட்டில் இது 20 நிமிடம்கூடத் தாங்காது. எண்ணெய் குறைந்த சிப்ஸ் ஈரத்தை வேகமாக இழுக்கும், தூவிய உப்பும் அதற்குத் துணை போகும். ஓவனை அணைத்து, கதவைச் சற்றுத் திறந்து உள்ளேயே ஆறவிட்டு, முழுக்க ஆறியதும் இறுக்கமான மூடியுள்ள டின்னில் போடுங்கள். இளஞ்சூட்டில் மூடினால் உள்ளேயே வியர்க்கும். இரண்டு மூன்று நாள் இருக்கும். வதங்கியிருந்தால் 100 பாகையில் 5 நிமிடம் வைத்து, ஆறவிட்டுக் கடித்துப் பாருங்கள். சூட்டோடு பார்த்தால் எப்போதும் மெத்தென்றுதான் இருக்கும்.