கேஸ் முடிஞ்சதுக்கு அப்புறம்

ஆம்புலன்ஸ்ல ஈஎம்டியா (வண்டியிலயே முதல் சிகிச்சை பாக்கறவங்க) இருக்கேன்னு சொன்னா சொந்தக்காரங்க கேக்குற முதல் கேள்வி ரத்தத்த பாத்தா பயமா இல்லையான்னுதான், நான் வாய தொறக்கறதுக்குள்ள அவங்களே பாத்து பாத்து பழகியிருக்கும்னு பதிலும் சொல்லிடுவாங்க. ரத்தம் பழகுறது உண்மைதான். ஓடுற வண்டில கை நடுங்காம ஐவி லைன் போடறது, உடைஞ்ச கால அசைக்காம ஸ்ட்ரெச்சர்ல ஏத்தறது, இதெல்லாம் கொஞ்ச மாசத்துல கைக்கு வந்துடும். பழகாம நிக்கிறது வேற. எங்க பைலட் அண்ணனும் நானும் (வண்டி ஓட்டறவர பைலட்னுதான் நாங்க சொல்வோம்) ஒரு வேன் கேஸுக்கு போனோம், கோயிலுக்கு போயிட்டு திரும்பினவங்க, ஹைவே ஓரமா நின்ன லாரி பின்னாடி மோதிடுச்சு. சாப்பாட்டு தூக்கு உடைஞ்சு ரோடு பூரா புளியோதரை, அண்ணன் அதுமேல மண்டி போட்டுதான் ஒரு சின்ன பையன வெளிய எடுத்தார். பையன் பிழைக்கல. அதுக்கப்புறம் எங்க பேஸ் (வண்டி நிக்கிற இடம்) பக்கத்துல இருக்க பெருமாள் கோயில்ல பிரசாத வாசனை வந்தாலே அண்ணன் இறங்கி ரொம்ப தூரம் நடந்துடுவார். ரத்தத்த பத்தி அவர் என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல.

அவருக்கு என்ன ஆகுதுன்னு தெரிஞ்சுக்கத்தான் நான் படிக்க ஆரம்பிச்சேன். இந்த மாதிரி மன பாதிப்ப பத்தின ஆராய்ச்சியில பெரும்பகுதி பட்டாளத்துக்காரங்கள வெச்சு வந்தது. முதல் உலகப்போர்ல, 1915லயே, சார்லஸ் மையர்ஸ்னு ஒரு டாக்டர் லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல "ஷெல் ஷாக்" பத்தி (போர்ல இருந்த சிப்பாய்ங்களுக்கு வந்த மன பாதிப்பு) எழுதிட்டார், ஆனா பிடிஎஸ்டின்னு (பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் விடாம தொடர்ற மன பாதிப்பு) ஒரு நோயா, அமெரிக்க மனநல டாக்டர்கள் நோய்கள வரையறுக்கற டிஎஸ்எம் கையேட்டுல ஏறினது 1980லதான், அதுவும் வியட்நாம் போருக்கு போய் வந்தவங்களும் அவங்க பக்கம் நின்ன டாக்டர்களும் விடாம போராடினதால. 80கள்ல அமெரிக்காவுல எடுத்த பெரிய ஆய்வுல வியட்நாம் போன ஆண்கள்ல 100க்கு 15 பேருக்கு, போர் முடிஞ்சு பத்து வருஷம் தாண்டியும், நோய் அப்படியே இருந்துச்சு, எப்பவாவது ஒரு காலத்துல வந்தவங்க 100க்கு 30 பேர். 2006ல ராணுவ ரெக்கார்டு எல்லாத்தையும் ஒப்பிட்டு திரும்ப கணக்கு பாத்தப்ப அது 9ன்னும் 19க்கு கிட்டன்னும் இறங்குச்சு. இறங்கினாலும் அது சின்ன எண்ணிக்கை இல்ல. எனக்கு அதுல பெரிசா பட்டது மிச்சம் பேர்தான், அதே காட்டுல அதே குண்டுக்கு நடுவுல இருந்துட்டு வந்தவங்கள்ல நெறைய பேருக்கு வரல. அப்ப என்ன பாத்தோம்ங்கறது மட்டும் காரணம் இல்லன்னு ஆகுதே.

ஆஸ்திரேலியாவுல 1983 பிப்ரவரில ஆஷ் வெட்னஸ்டேன்னு ஒரு பெரிய காட்டுத்தீ, 75 பேர் செத்துப் போனாங்க. அத அணைக்க போன தீயணைப்பு ஆளுங்கள அலெக்சாண்டர் மெக்ஃபார்லேன்ங்கற சைக்கியாட்ரிஸ்ட் மாசக்கணக்கா பின்தொடர்ந்து பாத்தார். சிலர் ஆரம்பத்துல நல்லா இருந்துட்டு பல மாசம் கழிச்சுதான் உடைஞ்சாங்க, தீக்கு எவ்வளவு கிட்ட போனாங்கங்கறத வெச்சு மட்டும் யாருக்கு வரும்னு சொல்ல முடியல. அப்புறம் 2000ல கிறிஸ் ப்ரூவினும் கூட இருந்தவங்களும் 77 ஆய்வுகள சேத்து வெச்சு பாத்தாங்க. சம்பவத்துக்கு அப்புறம் பக்கத்துல தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாம போறதும், அதுக்கு மேல மேல வர்ற வேற கஷ்டங்களும்தான் அதுல பெரிய எடை பிடிச்ச காரணங்கள்ல வந்துச்சு. இத படிச்ச அன்னைக்கு எனக்கு தூக்கமே வரல, ஏன்னா எங்க வேலையில கேஸ் முடிஞ்சதுக்கு அப்புறம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஆஸ்பத்திரில ஒப்படைச்சு, ஃபார்ம் எழுதி, வண்டிய கழுவி, ஸ்ட்ரெச்சர் ஷீட் மாத்தறதுக்குள்ள அடுத்த போன் கால் வந்துடும்.

பட்டாளத்துக்காரர் போர்க்களத்த விட்டு ஊருக்கு திரும்பிடறார், ஞாபகம்தான் கூட வருது. நாங்க அந்த வேன் நின்ன இடத்த ஷிப்டுக்கு ஷிப்ட் தாண்டிதான் போகணும். 2013ல வந்த அஞ்சாவது டிஎஸ்எம்ல இத ஒத்துக்கிட்டாங்க, நேர்ல உயிராபத்து வந்தவங்க மட்டும் இல்ல, உடல் பாகங்கள சேகரிக்கற முதல் உதவி ஆளுங்க, குழந்தைங்களுக்கு நடந்த கொடுமைய திரும்பத் திரும்ப கேக்கற போலீஸ்காரங்க மாதிரி வேலை காரணமா இதையே பாத்துட்டு இருக்கறவங்களுக்கும் வரலாம்னு எழுதியே வெச்சிருக்காங்க. ஒரே ஒரு பெரிய சம்பவம் இருக்கணும்னு இல்ல, சின்னதும் பெரிசுமா சேந்துட்டே போகலாம்.

நான் இத எழுத உக்காந்ததே இனிமே சொல்லப்போறதுக்காகத்தான். பெரிய விபத்து நடந்தா மறுநாள் எல்லாரையும் வட்டமா உக்கார வெச்சு, நடந்தத சொல்லுங்க, மனசுல இருக்கறத கொட்டுங்கன்னு சொல்றது நல்லதுன்னு பல இடத்துல இன்னமும் நம்பறாங்க. இது வந்தது ஜெஃப்ரி மிட்சல் கிட்டருந்து, அவரே தீயணைப்பு, பாராமெடிக் வேலை பாத்தவர், 1983ல டிப்ரீஃபிங்னு இந்த முறைய எழுதினார், நல்ல எண்ணத்துலதான். ஆனா சோதிச்சு பாத்தப்ப பலன் தெரியல. பிரிட்டன்ல தீக்காயம் பட்டவங்கள வெச்சு 1997ல ஜொனாதன் பிஸன் வெளியிட்ட ஆய்வுல, 13 மாசம் கழிச்சு பாத்தா, டிப்ரீஃபிங் கிடைச்சவங்கள்ல 100க்கு 26 பேருக்கு பிடிஎஸ்டி, கிடைக்காதவங்கள்ல 9 பேருக்கு. கிடைச்சவங்க ஆரம்பத்துலயே கொஞ்சம் மோசமா இருந்தவங்கங்கறதும் அதுல இருக்கு, அதனால இந்த ஒண்ண மட்டும் வெச்சு தீர்ப்பு சொல்ல மாட்டேன், ஆனா 2002ல, பல ஆய்வுகள சேத்து எடை போடற காக்ரேன் தொகுப்பும் ஒரே தடவை உக்கார வெச்சு பேச வைக்கறது பிடிஎஸ்டிய தடுக்கல, கட்டாயமா செய்யறத நிறுத்தணும்னு சொல்லிடுச்சு. இந்த ஆய்வெல்லாம் அடிபட்டவங்கள தனித்தனியா வெச்சு செஞ்சதுதான், க்ரூப்பா வேலை பாக்கறவங்கள வெச்சு இல்லன்னு சிலர் வாதாடுவாங்க, அதுவும் நியாயமான பேச்சு. ஆனா வேன் கேஸுக்கு அப்புறம் அப்படி ஒரு கூட்டத்துல அண்ணன் எதிர்ல நான் உக்காந்திருந்தேன். ஆள் மாத்தி ஆள் பேசப் பேச அவர் தன் கைய பாத்துட்டே இருந்தார், அவர் முறை வந்தப்ப எனக்கு ஒண்ணும் இல்ல மேடம்னு மட்டும் சொன்னார். அன்னைக்கு அவருக்கு தேவைப்பட்டது டீயும் தூக்கமும், அடுத்த ஷிப்ட யாராவது எடுத்துக்கறதும்.

அப்ப பேசவே கூடாதான்னா, அப்படி இல்ல. ஆறு மாசம் கழிச்சு அண்ணி எனக்கு போன் பண்ணாங்க, ராத்திரி எந்திரிச்சு வாசல்ல போய் உக்காந்துக்கறாரும்மா, தூங்கறதுக்காக குடிக்க வேற ஆரம்பிச்சுட்டார்னு அழுதாங்க. நானும் அவங்களும் சேந்துதான் அவர ஆஸ்பத்திரி சைக்கியாட்ரி ஓபிக்கு கூட்டிட்டு போனோம். டாக்டர் மாத்திரை எழுதினதோட, வாரா வாரம் ஒரு சைக்காலஜிஸ்ட பாக்க சொன்னார். எட்னா ஃபோவா உருவாக்கின எக்ஸ்போஷர் முறைய ஒட்டின சிகிச்சை அது. அங்கயும் அந்த வேன் கேஸ பத்திதான் பேசணும், கண்ண மூடி அந்த நிமிஷத்த திரும்பத் திரும்ப சொல்லணும், ஆனா பயிற்சி எடுத்தவர் கூட, இவர் சம்மதத்தோட, மாசக்கணக்குல. முதல் சில வாரம் அவருக்கு அதிகமாச்சு, போக மாட்டேன்னு கூட சொன்னார். அண்ணி கூடவே போய் வெளிய பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. மெதுமெதுவா ராத்திரி முழுசா தூங்க ஆரம்பிச்சார், குடி நின்னுச்சு. அந்த சைக்காலஜிஸ்ட் மாதிரி ஆளுங்க நம்ம மாவட்டங்கள்ல எத்தனை பேர் இருக்காங்கன்னு நெனச்சா எனக்கு கோவம்தான் வருது.

புதுசா சேர்றவங்க என்கூட வண்டில வரும்போது லண்டன் ஆய்வு ஒண்ண கண்டிப்பா சொல்வேன். ஜெனிஃபர் வைல்ட் குழு 386 பாராமெடிக் மாணவர்கள ரெண்டு வருஷம் பின்தொடர்ந்தாங்க. ஆரம்பத்துலயே கெட்ட ஞாபகங்கள மனசுக்குள்ள திரும்பத் திரும்ப உருட்டிட்டே இருக்க பழக்கம் இருந்தவங்களுக்குதான் பின்னாடி பிடிஎஸ்டி அதிகமா வந்துச்சு. அதனால சக்ஷன் மெஷின் (வாய், தொண்டையில இருக்கறத உறிஞ்சி எடுக்கறது) சரியா வேலை செஞ்சுதா, அடுத்த தடவை யார் தலைய பிடிக்கணும்னு பேசறது வேற, ஏன் எனக்கு மட்டும் இப்படி, இன்னும் ரெண்டு நிமிஷம் முன்னாடி போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு ராத்திரி பூரா கேட்டுட்டே இருக்கறது வேறன்னு சொல்வேன். முதல் கேள்விக்கு பதில் உண்டு, ரெண்டாவது கேள்விய கேக்க ஆரம்பிச்சா என்கிட்ட வந்து சொல்லு, தனியா வெச்சுக்காதன்னு சொல்வேன். பசங்க தலையாட்டுவாங்க. சிலர் நிஜமாவே வந்து சொல்லியிருக்காங்க.

ஷிப்ட் போடறவங்க கிட்ட நான் ரொம்ப நாளா கேக்கறது ஒண்ணுதான், குழந்தை இறந்த கேஸுக்கு அப்புறம் அந்த வண்டில இருந்த ரெண்டு பேருக்கும் அடுத்த போன் கால் உடனே போகாம கொஞ்ச நேரம் வண்டிய ஆஃப் ரோட்ல (கேஸ் குடுக்காம) வைங்க. பக்கத்து வண்டி அந்த நேரத்த பாத்துக்கும். சில அதிகாரிங்க செய்யறாங்க, சிலர் டைமிங் போயிடும்னு மறுக்கறாங்க. வீட்ல இருக்கறவங்களுக்கும் ஒண்ணு, உங்க ஆளு ஒரு மாசத்துக்கு மேல சரியா தூங்கலன்னா, ஒரு குறிப்பிட்ட ரோட்ட தவிர்த்து சுத்திட்டு போறார்னா, சத்தத்துக்கு திடுக்குனு எந்திரிக்கறார்னா, அரசோட மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு போன் பண்ணுங்க, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. அவர் பேச மாட்டேன்னு சொன்னா நீங்களே கூப்பிட்டு என்ன செய்யலாம்னு கேளுங்க.