கேஸ் கீசர் அணைஞ்சு அணைஞ்சு போகுதா? முதல்ல நொடியை எண்ணுங்க

மார்கழி பொறந்துட்டா பல்லடம், அவினாசி, காங்கேயம்னு எந்தப் பக்கம் போனாலும் கீசர் மெக்கானிக்கைப் பிடிக்கறது கஷ்டமுங்க. புகார் பெரும்பாலும் ஒண்ணேதான்: "பத்துது, உடனே அணைஞ்சு போகுது." உடனேன்னா எப்போ? பைப்பைத் திறந்ததுல இருந்து ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிப் பாருங்க. எத்தனையாவது நொடியில கோளாறு வருதுங்கறதுலயே பாதி விடை இருக்குது. அதை எண்ணாம, எடுத்ததும் உள்ளே இருக்கற சர்க்யூட் போர்டை மாத்தி ஆயிரக்கணக்குல செலவழிக்கறாங்க. கேஸ் கீசர்னு பேர் இருந்தாலும், நம்ம சீமையில அதுக்கு வர்ற கோளாறு பெரும்பாலும் தண்ணியிலதான் ஆரம்பிக்குது.

திறந்ததும் டிக் டிக்னு பொறிச் சத்தமே வரலீன்னா முதல்ல செல்லைப் பாருங்க. பெரிய டார்ச் செல் ரெண்டு இருக்கும். புதுசுல ரெண்டும் சேர்ந்து 3 வோல்ட். கழட்டி வெச்சு அளந்தா நல்லாத்தான் காட்டும். பொறி அடிக்கும்போதே மீட்டரை வெச்சு அளக்கணும். அப்போ 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்குச்சுன்னா மாத்திடுங்க. ரீசார்ஜ் செல் ஒவ்வொண்ணும் 1.2 வோல்ட்தான், அது இதுக்கு ஆகாது. செல் பெட்டியோட ஸ்பிரிங்ல பச்சைக் களிம்பு பூத்திருந்தா உப்புத்தாள்ல தேய்ச்சு எடுங்க.

செல் புதுசு, அப்பவும் சத்தமில்லைன்னா தண்ணிக்கு அழுத்தம் பத்தலை. உள்ளே தண்ணி தள்ளற வேகத்துலதான் ஒரு ரப்பர் டயாஃப்ரம் உப்பி, ஒரு ஊசியைத் தள்ளி, மைக்ரோ ஸ்விட்ச்சுங்கற குட்டி ஸ்விட்ச்சைத் தட்டுது; அது தட்டுனாத்தான் பொறி அடிக்கும். டேங்க்ல நிக்கற தண்ணி மட்டத்துல இருந்து கீசர் வரைக்கும் குறைஞ்சது 8 அடி உயரமாச்சும் வேணும். மொட்டை மாடியில தரையோட தரையா சின்டெக்ஸை வெச்சு, அதுக்கு நேர் கீழ் வீட்டுல கீசர் மாட்டுனா, டேங்க் நிறைஞ்சிருக்கறப்போ வேலை செய்யும், பாதி இறங்குனதும் நின்னுடும். "காலையில வருது, மத்தியானம் வரலை"ங்கற புகாருக்கு இதுதான் காரணம். 10 லிட்டர் பக்கெட்டை வெச்சுப் பாருங்க. நிறைய 4 நிமிஷத்துக்கு மேல ஆனா ஓட்டம் பத்தாது.

டேங்க்கை உயர்த்தறதுக்கு முன்னால ஷவர் தலையைக் கழட்டிட்டு வெறும் ஓஸ்ல தண்ணியை விட்டுப் பாருங்க. அப்போ பத்துனா குத்தம் ஷவர்லதான். ஓட்டையெல்லாம் உப்பு அடைச்சிருக்கும். அடுத்து தண்ணி உள்ளே போற இடத்துல விரல்நகம் அகலத்துக்கு ஒரு வலை ஜல்லடை இருக்கும். டேங்க் கழுவுன மறுநாள் கீசர் நின்னா, சேறு அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கும்.

ஷவரும் ஜல்லடையும் சுத்தம்னா அந்த டயாஃப்ரத்தைத்தான் பார்க்கணும். கேஸையும் தண்ணியையும் மூடிட்டு, செல்லையும் எடுத்துட்டு, தண்ணி வால்வோட திருகைக் கழட்டுனா உள்ளங்கைக்குள்ள அடங்கற கறுப்பு ரப்பர் தட்டு வரும். வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு, லேசா இழுத்துப் பாருங்க. ஊசிமுனை ஓட்டை இருந்தாக்கூட வெளிச்சம் தெரியும். போர்த்தண்ணி ஓடுற வீட்டுல ரப்பர் அப்பளம் மாதிரி விறைச்சிருக்கும், நடு ஊசியைச் சுத்தி வெள்ளையா உப்பு கட்டியிருக்கும். ரப்பரை மாத்தி, ஊசியைத் துடைச்சு, சிலிகான் கிரீஸ் துளி தடவுனா ஸ்விட்ச் சத்தம் திரும்பி வந்துடும். சிறுவாணித் தண்ணி வர்ற கோயமுத்தூர் வீட்டுல இவ்வளவு சீக்கிரம் இந்த வேலை வராதுங்க.

பத்தி, 5 இல்லை 10 நொடியில அணைஞ்சா கதை வேற. தீ எரியுதான்னு பார்க்கற ஒரு கம்பி பர்னருக்கு மேல நீட்டிட்டிருக்கும். அதுல கரி படிஞ்சாலோ, தீயைவிட்டு விலகி நின்னாலோ, தீ இல்லைன்னு நினைச்சு கேஸை மூடிடும். நைசான உப்புத்தாள்ல ரெண்டு தேய்ப்பு போதும். செல் பாதி இறங்கியிருந்தாலும் இப்படித்தான் ஆகும். பொறி வரும், கேஸ் வால்வைத் திறந்து பிடிச்சிருக்க பலம் இருக்காது.

மூணு, நாலு நிமிஷம் ஓடி அணைஞ்சா, தண்ணி சூடாகற தாமிரக் குழாய்ச் சுருள்ல, அதாவது காயில்ல, உப்பு படிஞ்சிருக்கு. தண்ணி மெல்ல ஓடும், காயில் கொதிக்கும், சூட்டு சென்சார் நிறுத்திடும். கெட்டில் மாதிரி முனகற சத்தம் கேட்டா சந்தேகமே வேண்டாம். 1 லிட்டர் தண்ணிக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைச்சு, காயிலை வால்வுல இருந்து பிரிச்சு, ஏர் கூலர்ல வர்ற சின்னத் தண்ணி மோட்டார் வெச்சு ஒரு மணி நேரம் சுத்த விட்டு, நல்ல தண்ணியில அலசுங்க. கக்கூஸ் கழுவற ஆசிட்டை ஊத்தவே ஊத்தாதீங்க, தாமிரத்தைத் தின்னுடும். சரியா 20 நிமிஷத்துல அணைஞ்சா, பல மாடல்ல அது கம்பெனியே வெச்ச டைமர், கோளாறு இல்லை.

கேஸ் பக்கம் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். சிலிண்டர் மாத்துன உடனே ஓஸ்ல காத்து இருக்கும், நாலஞ்சு தடவை திறந்து மூடுனா சரியாகும். நிமிஷத்துக்கு 6 லிட்டர் தண்ணி காய்ச்சற கீசர் முழுத் தீயில மணிக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவா கேஸ் இழுக்கும். அடுப்புக்கும் இதுக்கும் ஒரே சிலிண்டர்னா, பெரிய பர்னரைப் பத்த வெச்சதும் கீசர் தீ சுருங்குதான்னு பாருங்க. சிலிண்டர் அடியில கொஞ்சமா கேஸ் இருக்கறப்போ குளிர்ல அது ஆவியாகறதும் மந்தமாகும். காலையில மட்டும் அணையறதுக்கு இதுவும் காரணம். ஓஸ் 5 வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும். கசிவு பார்க்க சோப்பு நுரைதான், தீக்குச்சி கூடாது. கேஸ் வால்வை மட்டும் நீங்களே பிரிக்காதீங்க.

பத்தறப்போ 'டமார்'னு சத்தம் வந்தா அன்னைக்கே நிறுத்துங்க. பொறி தாமதமாகி, அதுக்குள்ள கேஸ் சேர்ந்து, ஒட்டுமொத்தமா பத்துது. தீ நீலமா இல்லாம மஞ்சளா இருந்தாலும் நிறுத்துங்க. கார்பன் மோனாக்சைடுங்கற விஷவாயு வரும், அதுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. கேஸ் கீசரைக் குளியலறைக்குள்ள மாட்டவே கூடாது. வெளியில பின்கட்டுலயோ சந்துலயோ காத்தோட்டமா, மழை படாம மாட்டி, பைப்பை மட்டும் உள்ளே கொண்டு போங்க. இப்போ உள்ளே இருந்தா, இடம் மாத்தற வரைக்கும் கதவைத் திறந்து வெச்சு பக்கெட்டுல பிடிச்சு, கீசரை அணைச்ச பின்னாலதான் குளிக்கப் போகணும். குளிக்கறப்போ தலை வலிச்சாலோ கிறுகிறுத்தாலோ உடனே வெளியில வந்துடுங்க. கேஸ் வாசம் அடிச்சா ஸ்விட்ச் எதையும் தொடாம, சிலிண்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியில வந்து கேஸ் கசிவு அவசர நம்பர் 1906க்குக் கூப்பிடுங்க.