ஆண்டுதோறும் கேஸ் ஏற்றிய ஏசியை மாற்றிய அனுபவம்

திருவான்மியூரில் கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தெருவொன்றில், மேல்தளத்தில் இருக்கிறது எங்கள் வீடு. படுக்கையறையில் 2011-இல் மாட்டிய ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி, பல ஆண்டுகள் குறை சொல்ல இடமின்றி ஓடியபின், ஒவ்வொரு கோடையின் தொடக்கத்திலும் கேஸ் கேட்கத் தொடங்கியது. வழக்கமாக வரும் மெக்கானிக் மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் கம்மியா இருக்கு சார், ஏத்திட்டா ஜில்லுனு ஆயிடும்" என்பார். ஏற்றியதும் அறை குளிரும். அடுத்த பங்குனியில் மறுபடியும் காற்று மட்டும் வரும்.

ஏசியில் உள்ள கேஸ், பெட்ரோல் போல எரிந்து தீரும் பொருளன்று. மூடிய செம்புக் குழாய்க்குள் ஆவியாகி அறையின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, வெளியே திரவமாகும்போது அதை விட்டுவிட்டு, மீண்டும் உள்ளே வரும் சுழற்சி அது. ஆகவே கேஸ் குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. கசிவைத் தேடாமல் கேஸ் மட்டும் ஏற்றுவதற்குப் பணம் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தபின், கீழ்வீட்டார் பரிந்துரைத்த வேறொரு மெக்கானிக்கை அழைத்தேன்.

அவர் வந்ததும் கேஸ் சிலிண்டரைத் திறக்கவில்லை. டார்ச் வெளிச்சத்தில் குழாய் இணைப்புகளையும், இண்டோர் யூனிட்டின் மூடியைக் கழற்றி, உள்ளே வளைந்து வளைந்து ஓடும் செம்புக் குழாயான காயிலின் ஓரங்களையும் பார்த்தார். கேஸோடு சேர்ந்து, அதை அழுத்திச் சுழலவிடும் கம்ப்ரசரின் எண்ணெயும் சிறிதளவு வெளியேறுமாம். அதனால் கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் படிந்த தூசியும் கறுப்பாகத் தெரியும் என்று காட்டினார். பிறகு நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, சோப்பு நுரையைத் தடவினார். காயிலின் முனையில் இருந்த வளைவொன்றில் நுரை மெல்ல உப்பிக் குமிழாகி உடைந்தது, மறுபடி உப்பியது. "இந்த வளைவுல மட்டும்னா பத்தவெச்சுக் கொடுத்துடலாம் சார். உள்ளே ஃபின் தகட்டுக்கு நடுவுலயும் குமிழ் வருது பாருங்க, அங்கே கை நுழையாது" என்றார். கடற்காற்றின் உப்பு அவுட்டோர் யூனிட்டை அரிப்பது எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அறைக்குள் இருக்கும் செம்புக் காயிலையும் பெயின்ட், பிளைவுட் பசை போன்றவற்றிலிருந்து வரும் ஆவியும் ஈரமும் சேர்ந்து ஊசிமுனை அளவுக்குத் துளைக்கும் என்பது எனக்குப் புதிய செய்தி.

புதுக் காயில் போடுவதா, ஏசியையே மாற்றுவதா என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. அந்த மாடலுக்குக் காயில் கிடைப்பது அரிது என்பதோடு, கிடைத்தாலும் அதன் விலை புது ஏசியின் விலையில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கியது. அதைவிட முக்கியமான காரணம், அதில் இருந்தது ஆர்-22 கேஸ். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், 1987-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி இந்தியா படிப்படியாகக் கைவிட்டுவரும் வகை அது. கம்ப்ரசர் நன்றாக இருந்தும் நான் மாற்றத் துணிந்தது இந்தக் கணக்குகளைப் பார்த்துத்தான். ஏசிக்கு வயதாகிவிட்டது என்பதை மட்டும் ஒரு காரணமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

வாங்கும் முன் மொட்டை மாடியில் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தோம்; மேற்கு ஜன்னலுக்கு வெளிப்புறம் மூங்கில் தட்டி கட்டினோம். பூச்சு அடித்த பிறகு இரவு ஒன்பது மணிக்குக் கூரையின் அடிப்பக்கத்தைத் தொட்டால் முன்பிருந்த கொதிப்பு இல்லை. அறை 160 சதுர அடிக்கும் குறைவு என்றாலும் மேல்தளம் என்பதால் ஒன்றரை டன்னிலேயே நின்றோம். இரண்டு டன் வாங்கச் சொன்ன விற்பனையாளரின் பேச்சுக்கு நான் இசையவில்லை. தேவைக்கு மிஞ்சிய ஏசி அறையை விரைவில் குளிரவைத்துவிட்டு ஓய்ந்துவிடும், காற்றின் ஈரத்தை முழுதாக வாங்காது. சென்னையில் புழுக்கம்தானே பாதித் தொல்லை.

மின்சிக்கனத்துக்குத் தரும் நட்சத்திரங்களை எண்ணுவதைவிட, லேபிளில் அச்சிட்டிருக்கும் ஐஎஸ்இஇஆர் எண்ணையும் (செலவாகும் மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர்ச்சி என்பதைக் காட்டுவது) ஆண்டு மின்நுகர்வையும் பார்ப்பதே சரி என்பது என் கருத்து. 2022 ஜூலையில் அளவுகோலைக் கூட்டியபோது, அதுவரை ஐந்து நட்சத்திரமாக இருந்தவற்றில் பல நான்காக இறங்கின. இயந்திரம் மாறவில்லை, லேபிள்தான் மாறியது. 2024-இல் நான் வாங்கியபோது ஐந்து நட்சத்திரத்துக்கு அந்த எண் குறைந்தது 5.0 இருக்க வேண்டும், மூன்றுக்கு 3.8 போதும். லேபிளின் ஆண்டு நுகர்வு 1,600 மணி நேர ஓட்டத்துக்குக் கணக்கிட்டது. ஆண்டில் பெரும்பாலான இரவுகளில் ஏசி போடும் எங்களுக்கு ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏசி (தேவைக்கேற்பக் கம்ப்ரசரின் வேகத்தை மாற்றிக்கொள்வது) கட்டுப்படியாகும்; விருந்தினர் அறைக்கென்றால் மூன்றே போதும் என்பேன். (2025 செப்டம்பரில் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்ததைச் செய்தியில் பார்த்தபோது சற்று வயிறெரிந்தது உண்மை.)

நான் மிகுந்த நேரம் செலவிட்டது மாட்டும் நாளில்தான். கடை அனுப்பிய இளைஞர்கள் பழைய ஏசியின் நட்டைத் தளர்த்தி மிச்சமிருந்த கேஸைக் காற்றில் விட முனைந்தார்கள். அப்படிச் செய்யாமல், ஏசியை ஓடவிட்டு மெல்லிய குழாயின் வால்வை முதலில் மூடி, கேஸ் முழுதும் அவுட்டோருக்குள் போனதும் தடித்த குழாயின் வால்வையும் மூடச் சொன்னேன். சில நிமிட வேலைதான். தெரிந்தே செய்யாமல் விடுகிறார்கள். சுவரில் இருந்த பழைய செம்புக் குழாயையே பயன்படுத்தினால் செலவு மிச்சம் என்றார்கள். புது ஏசியின் ஆர்-32 கேஸ் பழைய கேஸைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் ஓடுவது என்பதாலும், பழைய குழாயில் பழைய எண்ணெய் ஒட்டியிருக்கும் என்பதாலும் மறுத்துவிட்டுப் புதுக் குழாய் போடச் செய்தேன். இரண்டு குழாய்களுக்கும் தனித்தனியாக இன்சுலேஷன் உறை போட்டார்கள்.

அடுத்து வேக்கம், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி வெளியேற்றுவது. அதற்குப் பதிலாகச் சற்றுக் கேஸைத் திறந்துவிட்டு உள்ளிருக்கும் காற்றைத் தள்ளிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. புது வகைக் கம்ப்ரசர் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது; குழாயில் ஈரம் தங்கினால் அமிலம் உண்டாகிக் கம்ப்ரசரைக் கெடுக்கும். வேக்கம் பம்ப் இல்லாமல் மாட்ட வேண்டாம் என்று முன்பே தொலைபேசியில் சொல்லியிருந்ததால் கொண்டுவந்திருந்தார்கள். பம்பை நிறுத்தி வால்வை மூடிய பிறகும் மீட்டரின் ஊசி மேலே ஏறாமல் நின்றதைப் பார்த்த பின்னரே கேஸைத் திறக்க விட்டேன். கடைசியாக, ஒரு சொம்புத் தண்ணீரை இண்டோர் தட்டில் ஊற்றி அது டிரெயின் குழாய் வழியே தடையின்றி வெளியே வருகிறதா என்று பார்த்தோம். சரிவு போதாமல் தேங்கியதால் குழாயைத் தாழ்த்தி மீண்டும் கட்டினார்கள்.

முந்தைய கோடையில் 1,000 யூனிட்டை நெருங்கிய எங்கள் இரு மாதக் கணக்கு, மாற்றிய பிறகு வந்த அக்னி நட்சத்திரக் காலத்தில் 650-ஐ ஒட்டி வந்தது. தமிழ்நாட்டில் நுகர்வு ஏற ஏற ஒரு யூனிட்டின் விலையும் ஏறுவதால், குறைந்தவை எல்லாம் விலை கூடிய யூனிட்டுகள். இதில் வெள்ளைப் பூச்சின் பங்கு எவ்வளவு, ஏசியின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க இயலாது. 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் சுழலவிடுகிறோம். ஃபில்டரை நானே இரு வாரத்துக்கு ஒருமுறை கழுவுகிறேன். அவுட்டோர் காயிலில் படியும் உப்பை மழையில்லாத மாதங்களில் மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு வெறும் தண்ணீரால் அலசிவிடுகிறோம்.

இந்தக் கோடையில் மற்றோர் அறையின் ஏசி நின்றது. விசிறி சுழன்றது, கம்ப்ரசர் எழவில்லை. அதே மெக்கானிக் வந்து, கம்ப்ரசரைக் கிளப்ப உதவும் கெபாசிட்டர் தலை உப்பியிருந்ததால் அதைக் கழற்றிச் சில நூறு ரூபாயில் வேறொன்று மாட்டினார். அதில் கசிவு ஏதும் இல்லை என்பதால் அதை மாற்றும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.