தரங்கம்பாடிக்கு மறுபடி ரயில் வேண்டும், ஆனால் பேருக்கு ஒன்று வேண்டாம்

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஓடி 1980-களில் நின்றுபோன ரயிலை மறுபடி விடுவதைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் கடலூரிலேயே, "அதான் பஸ் இருக்கே, எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் கட்டாயம் விட வேண்டும். ஆனால் விட்டால் ஒழுங்காக விட வேண்டும்.

திருவாரூர்–காரைக்குடி பாதைக்கு நடந்ததைப் பாருங்கள். சுமார் 150 கி.மீ. மீட்டர் கேஜை, அதாவது பழைய குறுகிய பாதையை, எடுத்துவிட்டு அகலப்பாதை போடுகிறோம் என்று வருஷக்கணக்கில் மூடி வைத்து, 2019 ஜூனில் ஒருவழியாக டெமு என்கிற டீசல் பயணி ரயில் விட்டார்கள், ஆனால் ரோடு குறுக்கே போகிற இடங்களில் இருக்கும் ரயில்வே கேட்டுகளுக்கு ஆள் போடவில்லை. அதனால் கேட் கீப்பர்கள் ரயிலிலேயே வந்து, ஒவ்வொரு கேட்டிலும் வண்டி நின்றதும் இறங்கி ஓடி, மூடி, வண்டி தாண்டியதும் திறந்துவிட்டு மறுபடி வந்து ஏறிக்கொண்டார்கள். போய்ச்சேர ஆறு மணி நேரத்துக்கு மேல். வேலைக்குப் போகிறவர் எவர் அதில் ஏறுவார்? அப்புறம் கூட்டமே இல்லை என்று கணக்குக் காட்டுவது நியாயமே இல்லை.

மூடி வைத்தால் என்ன ஆகும் என்பது கடலூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். கடலூர், சிதம்பரம் வழியாகப் போகும் விழுப்புரம்–மயிலாடுதுறை பாதையை அகலப்படுத்த 2006 கடைசியில் நிறுத்தியவர்கள் 2010 ஏப்ரலில்தான் திறந்தார்கள். அதுவரை சிதம்பரம் போகிற மாணவர்கள் முதல் எல்லோரும் பஸ்ஸுக்குப் பழகிவிட்டோம். ஆனாலும் கடலூரில் இருக்கும் திருப்பாப்புலியூர் ஸ்டேஷனில் மறுபடி கூட்டம் சேர்ந்தது, அதற்கு முக்கியமான காரணம் அது பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருப்பதுதான் என்பேன். ஊரிலிருந்து ஆட்டோ பிடித்துப் போக வேண்டிய இடத்தில் ஸ்டேஷன் இருந்தால் டிக்கெட் 10 ரூபாயாக இருந்தும் பிரயோஜனமில்லை, ஆட்டோவுக்கு அதைப்போல் பல மடங்கு போய்விடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. பக்கத்து ஊர் வரை போகிற அம்மாக்கள் ரயிலுக்கு வர மாட்டார்கள், வரவும் வேண்டாம். ரயில் நிஜமாகவே உதவுவது கொஞ்சம் தூரம் போகிறவர்களுக்கும், கூடையும் மூட்டையுமாக வருகிறவர்களுக்கும், உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கும்தான். இங்கிருந்து புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிகளை நினைத்தால் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. புதுச்சேரி ரோட்டில் இருபத்திச் சொச்சம் கி.மீ.தான், ஆனால் ரயிலில் போவதென்றால் விழுப்புரம் போய்ச் சுற்ற வேண்டும்.

காரைக்காலைப் பார்த்தால் கொஞ்சம் நம்பிக்கை வருகிறது. மயிலாடுதுறை–திருவாரூர் பாதையில் இருக்கும் பேரளத்திலிருந்து திருநள்ளாறு வழியாக அங்கே 1898-லேயே பாதை இருந்தது. 1980-களில் ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தையும் பிடுங்கிவிட்டார்கள். அதே 23 கி.மீ.க்கு இப்போது அகலப்பாதை போட்டிருக்கிறார்கள். காரைக்கால் துறைமுகத்து நிலக்கரியோ சென்னை போகும் பயணியோ, இந்தப் பாதையில் வந்தால் வடக்கே வருவதற்கு நாகூர், திருவாரூர் என்று சுற்ற வேண்டியிருக்காது. திருநள்ளாற்றின் சனிப்பெயர்ச்சிக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சரக்கும் பயணியும் சேர்ந்து வருகிற இப்படிப்பட்ட பாதைக்குச் செலவு செய்யத் தயங்கவே கூடாது.

மயிலாடுதுறை–தரங்கம்பாடி பாதையும் அந்த 80-களில்தான் போனது. 1926-ல் வந்த பாதை அது. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று வழியெல்லாம் ஊர்கள். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் தினமும் வருகிற வேன்களை எண்ணிப் பார்த்தாலே போதும், பயணி கிடைப்பாரா என்ற கேள்வி எழாது. ஆனால் தரங்கம்பாடியோடு முட்டி நிற்கிற கிளைப் பாதையாக அதைப் போடக் கூடாது. பொறையாரிலிருந்து காரைக்கால் பக்கம்தான், அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். காலையில் மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் மயிலாடுதுறையில் இறங்கி உடனே சிதம்பரம், கடலூர் வண்டியைப் பிடிக்கிற மாதிரி நேரம் வைக்க வேண்டும், சாயங்காலம் திரும்புவதற்கும் அதே மாதிரி ஒன்று. அதோடு, கேட்டுகளுக்கு முதல் நாளிலிருந்தே ஆள் போட வேண்டும்.