பெரும்பாக்கத்துச் சனிக்கிழமைகள்

வார நாட்களில் எனக்கு வேலை சென்னை சோழிங்கநல்லூரில், கம்ப்யூட்டர் முன்னால். சனிக்கிழமை மாலையில் அங்கிருந்து கொஞ்ச தூரம் தள்ளி, சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்தில், பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கும் வேலை. சம்பளம் வரும் வேலையைப் பற்றி எழுத என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. எழுத வேண்டியதெல்லாம் இரண்டாவது வேலையைப் பற்றித்தான்.

தரைத்தளத்துக்கு மேல் ஏழு மாடி, வரிசை வரிசையாக ஒரே மாதிரி பிளாக்குகள். கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடும்பங்களை, அதுவும் 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஏராளமாக, இங்கே குடியேற்றினார்கள். பழைய இடத்திலிருந்து 20, 25 கிலோமீட்டர். இவற்றைக் கட்டிய குடிசை மாற்று வாரியத்தின் பெயர் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிவிட்டது. பிள்ளைகள் வாயில் மட்டும் அது இன்னும் 'ஹவுசிங் போர்டு'தான்.

2017 டிசம்பரில், எங்கள் சர்ச் சபை வாலிபர்கள் ஐந்து பேர், கேக்கும் பென்சில் பெட்டியுமாக முதல்முறை போனோம். ஒரு பையன் கேக்கை வாங்கிக் கடித்துவிட்டு, "இது நாலாவது கேக்குண்ணா. போன வாரம் வந்தவங்க கேக்குல முந்திரி இருந்துச்சு" என்றான். அப்புறம், "ஜனவரில யாரும் வரமாட்டாங்க" என்றான். குறையாகச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னான். அதற்காகவே ஜனவரி முதல் சனிக்கிழமை போய் நின்றோம். வீம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் இந்துக் குடும்பங்கள். வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் கேட்டுத்தான் பிள்ளைகளை வகுப்பில் சேர்த்தோம். பாட்டும் கதையும் இயேசுவைப் பற்றி இருக்கும், யாரையும் மாறச் சொல்ல மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். நெற்றியில் விபூதியோடு வரும் பிள்ளைகள் அதே விபூதியோடு வீட்டுக்குப் போனார்கள். ஒரு அப்பா மட்டும் நான்கு வாரம் தூணோரம் நின்று கவனித்தார். ஐந்தாவது வாரம் வரவில்லை. பாஸாகிவிட்டோம் என்று எடுத்துக்கொண்டோம்.

மூன்றாவது மாதம் நான் ஒரு தப்பு செய்தேன். அன்றைய கதை பாறைமேல் வீடு கட்டியவனும் மணல்மேல் வீடு கட்டியவனும். ஓய்வுநாள் பள்ளியில், அதாவது சர்ச்சின் ஞாயிறு பள்ளியில், நான் சிறுவனாகக் கேட்ட கதை. கை அசைவுகளோடு பாட்டுகூட உண்டு. உற்சாகமாகச் சொன்னேன். மழை வந்தது, ஆறு பெருகியது, காற்று அடித்தது, மணல்மேல் நின்ற வீடு விழுந்தது. வேத வார்த்தையிலேயே 'புத்தியில்லாத மனுஷன்' என்று முடித்தேன். பிள்ளைகள் கை தட்டவில்லை. பத்து வயதுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "எங்க ஊடும் ஆத்தாங்கரைலதாண்ணா இருந்துச்சு. வெள்ளத்துல போச்சு. அப்போ எங்க தாத்தா புத்தியில்லாதவரா?"

என்ன பதில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. சொன்னதாகவே நினைவில்லை. கதையைத் தயாரித்தபோது சொல்லுக்குப் பொருள் பார்த்தேன், பாட்டுக்கு ராகம் பார்த்தேன். எதிரே யார் உட்காரப்போகிறார்கள் என்று பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அவள் தாத்தாவையே கூட்டிவந்துவிட்டாள். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பயந்தேன். அவர் சைதாப்பேட்டையில் ஆற்றோரம் இருந்த நாட்களைச் சொன்னார். கட்டட வேலைக்கு நடந்தே போய்விடலாமாம். கடைசியில், "பாறை இருந்த எடமெல்லாம் அப்பவே பட்டா போட்டாச்சு தம்பி" என்று சிரித்தார். எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அந்த உவமைக்கு இப்படி ஒரு விளக்கம் கேட்டதில்லை.

அதே பெண்தான் எனக்கு இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தாள். மனன வசனத்தைத் தாளில் விரல் வைத்துத் தடங்கலில்லாமல் 'படிப்பாள்'. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வாய் சரியான வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. விரல் இரண்டு வரி கீழே ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாம் வகுப்பு. காதால் கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்கிற பிள்ளை, எழுத்து தெரியவில்லை. இடம் மாறியபோது பள்ளியும் மாறி, நடுவில் சில மாதம் போகவே இல்லையாம். இன்னும் ஏழெட்டுப் பேர் அப்படித்தான் என்று அப்புறம் தெரிந்தது.

அன்றிலிருந்து முதல் ஒரு மணி நேரம் தமிழ் எழுத்து, கடைசிக் கால் மணி நேரம் கதை என்று மாற்றினோம். சபையில் ஒரு பெரியவருக்கு இது பிடிக்கவில்லை. "அ, ஆ சொல்லித்தர்றதுக்கா ஊழியம்?" என்றார். 1780-ல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரைக்ஸ் என்ற பத்திரிகைக்காரர் ஞாயிறு பள்ளி ஆரம்பித்ததே, வாரம் முழுக்க வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கத்தான் என்று அவரிடம் சொன்னேன். அவர் சமாதானமாகவில்லை. ஆனால் அடுத்த மாதம் இரண்டு டஜன் சிலேட்டு வாங்கி அனுப்பினார்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். முந்திரி கேக் பையன் எட்டாம் வகுப்போடு மெக்கானிக் கடைக்குப் போய்விட்டான். இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பேசினேன். வீட்டுக் கணக்கை அவன் அம்மா விரல் விட்டு எண்ணிக் காட்டினார். என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

மறு வருஷம் ஒரு சனிக்கிழமை, தாத்தா பராமரிப்புக் கட்டண நோட்டீஸோடு வகுப்புக்கு வந்தார். நான் கை நீட்டினேன். அவர் அதைப் பேத்தியிடம் கொடுத்தார். அவள் விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, 'குடியிருப்போர்' என்பதிலேயே மூன்று முறை தடுக்கி நின்றாள். தாத்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. "எவ்ளோ கட்டணும்னு மட்டும் சொல்லும்மா" என்றார்.

அவள் நிமிரவே இல்லை. "இரு தாத்தா, மேல இருந்து படிச்சிட்டு வரேன்" என்றாள்.