மனு எழுதிய கை

எங்கள் பாம்பன் பக்கத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் முதலில் எழுதக் கற்பது விடுப்புக் கடிதம். காய்ச்சலால் அவதிப்படுகிறேன், இரண்டு நாள் விடுப்பு வேண்டும், தங்கள் கீழ்ப்படிந்த மாணவன். அதற்கு அடுத்து வருவது மனு. இந்த இரண்டும் கையில் ஊறிப்போன ஏழு பேருக்கு ஆங்கிலத்தில் முறையான அறிக்கை எழுதக் கற்றுக்கொடுக்கும் வேலையைப் போன மீன்பிடித் தடைக்காலத்தில் ஏற்றேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அது முடிவதற்குள் கற்றுக்கொடுத்துவிடலாம் என்பது என் கணக்கு.

ஏழு பேரில் இருவர் செவிலியர் படிப்பு முடித்து, வெளிநாடு போகிறவர்களின் ஆங்கிலத்தைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். ஒருவன் வளைகுடாவுக்கு சேப்டி ஆபீஸர் வேலைக்குப் போக இருந்தான். மற்றவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். மாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வகுப்பு. கச்சான் காற்று தாளைப் பறக்கடிக்கும் என்பதால் ஆளுக்கொரு சிப்பியைப் பாரமாக வைத்துக்கொள்வார்கள்.

முதல் மூன்று வாரத்தை நான்தான் வீணாக்கினேன். கையேட்டில் இருந்த மாதிரி அறிக்கையைக் கொடுத்து, நோக்கம், தகவல் திரட்டிய விதம், கண்டவை, முடிவு, பரிந்துரை என்று தலைப்புகளையும் எழுதிப்போட்டு, இதேபோல் ஒன்று எழுதுங்கள் என்றேன். எழுதினார்கள். ஏழு பேரும் நூலகத்தில் காபி இயந்திரம் வைக்க வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தார்கள். மாதிரியில் இருந்தது அதுதான். எங்கள் தெருவில் நூலகமே கிடையாது.

நான்காவது வாரம் கையேட்டை மூடிவைத்துவிட்டு, உங்கள் தெருவில் உள்ள ஏதாவது ஒன்றைப் பற்றி எழுதுங்கள் என்றேன். கல்லூரிப் பெண் ஒருத்தி தெருக்குழாயை எடுத்துக்கொண்டாள். 'நீரின்றி அமையாது உலகு' என்பதை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தொடங்கி, தண்ணீர் சரியாக வருவதில்லை, தாய்மார்கள் கண்ணீர் வடிக்கிறார்கள், ஐயா அவர்கள் கருணைகூர்ந்து ஆவன செய்ய வேண்டும் என்று முடித்திருந்தாள். தலைப்புகளெல்லாம் சரியாகத்தான் இருந்தன. 'கண்டவை' என்ற தலைப்புக்குக் கீழே அவள் கண்ட எதுவும் இல்லை.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. இவர்களுடைய சிக்கல் ஆங்கிலத்தில் இல்லை. மனு, படிப்பவரின் மனத்தை இளக்கப் பார்க்கிறது. அறிக்கைக்கு அந்த வேலை இல்லை. குழாயடிக்கே வராத ஒருவர் குழாயடியில் நின்றவருக்குத் தெரிந்ததைத் தெரிந்துகொண்டால் போதும். "சரியாக வருவதில்லை என்றால் எத்தனை நாள் வரவில்லை?" என்று கேட்டேன். "அடிக்கடி, டீச்சர்" என்றாள். ஒரு வாரம் குழாயடியில் நின்று எண்ணிக்கொண்டு வரச் சொன்னேன்.

அறிக்கையில் அடிக்கடி வரும் செயப்பாட்டு வினைக்குத் துறைமுகம் கைகொடுத்தது. 'பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்ற செய்தியைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் இவர்கள். ஏற்றியது யார் என்று எவரும் கேட்பதில்லை. எண் என்ன என்றுதான் கேட்போம். ஒன்றிலிருந்து பதினொன்று வரை எதற்கு என்ன பொருள் என்பது கரையில் பலருக்கும் மனப்பாடம். 'ஏற்றப்பட்டது' என்பதுதான் 'வாஸ் ஹாய்ஸ்டட்' என்றதும் ஒரே மாலையில் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் ஒருவன் 'தேநீர் என்னால் குடிக்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டு வந்தான்.

சேப்டி பையனிடம் நேர்எதிராகச் சொல்ல வேண்டியிருந்தது. பயிற்சிக்காக நான் கொடுத்த கற்பனை விபத்துக்கு அவன் எழுதிய அறிக்கை: கவனக்குறைவால் ஏணியிலிருந்து ஒருவர் விழுந்தார், கடவுள் அருளால் உயிர் தப்பினார். கவனக்குறைவு என்று முடிவுகட்டியது யார், விழுந்ததை நீ பார்த்தாயா என்று கேட்டேன். "இல்லை டீச்சர், ஏணி வழுக்கியதாம்" என்றான். அந்த 'ஆம்' எனக்குப் பெரிய உதவி. நாம் பார்த்ததையும் பிறர் சொல்லக் கேட்டதையும் தமிழில் வினையின் ஈற்றில் ஒட்டும் ஒரு சிறு சொல்லால் பிரித்துவிடுகிறோம். ஆங்கில வினையில் அப்படி ஒட்டிக்கொள்ள எதுவும் இல்லை. 'அக்கார்டிங் டு' என்று போட்டு, சொன்னவர் யார் என்பதையும் எழுத வேண்டும். தமிழில் 'ஆம்' வரும் இடமெல்லாம் பென்சிலால் வட்டம் போடு, ஒவ்வொரு வட்டத்துக்கும் சொன்ன ஆளைக் கொண்டுவா என்றேன். இரண்டாம் முறை எழுதியதில் கடவுள் அருள் தானாகவே உதிர்ந்துவிட்டது. சாட்சியாக நிறுத்த ஆள் கிடைக்கவில்லை போலும்.

செவிலியர் இருவருக்கும் வேறு தலைவலி. ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வின் முதல் எழுத்துப் பகுதியில் வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்து, இருபது நிமிடத்தில் குறைந்தது 150 சொற்களில் விவரிக்க வேண்டும். நானே ஒரு மீன்வரத்து வரைபடம் போட்டுக் கொடுத்தேன். ஏப்ரல் நடுவில் கோடு விழும். இருவரும் தடைக்காலத்தைப் பற்றி அரைப்பக்கம் எழுதிவிட்டார்கள். காரணம் உண்மைதான், ஆனால் படத்தில் இல்லாத காரணத்தை அங்கே எழுதக்கூடாது. கடற்கரையில் பிறந்தவளிடம், கோடு ஏன் விழுந்தது என்பது தெரியாதவள்போல் எழுது என்று சொல்வது எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

ஒருமை பன்மையை இங்கே அதிகம் விவரிக்கப் போவதில்லை. 'மூன்று படகு' தமிழில் சரி, ஆங்கிலத்தில் தவறு. கடைசி நாள்வரை திருத்திக்கொண்டே இருந்தேன்.

குழாய்ப் பெண் ஒரு வாரம் கழித்து நோட்டோடு வந்தாள். ஏழு நாளில் தண்ணீர் வந்தது மூன்று நாள். திங்கள் 40 நிமிடம், 16 குடம். புதன் 35 நிமிடம், 13 குடம். சனி 50 நிமிடம், 21 குடம். குழாயை நம்பியிருக்கும் வீடுகள் 22. அறிக்கை ஒரு பக்கம்கூட வரவில்லை. கண்ணீர் வடிக்கும் தாய்மார்கள் போய், வாரத்துக்கு 50 குடம் என்ற ஒரு வரி வந்திருந்தது. பரிந்துரை இரண்டே: தண்ணீர் விடும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே அறிவிப்பது, தெருமுனையில் ஒரு தொட்டி வைப்பது. கடைசி வரியில் மட்டும் 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' ஒட்டிக்கொண்டிருந்தது. அடித்துவிட்டேன்.

அதை அவள் தன் அப்பத்தாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாளாம். மறுநாள் அப்பத்தாவே மாடியேறி வந்துவிட்டார். "என்னம்மா டீச்சர், இதில் ஒரு இடத்தில்கூடக் கேட்கவே இல்லையே?" என்றார். பரிந்துரைப் பகுதியைக் காட்டி, கேட்பது இங்கே இருக்கிறது என்றேன். அவருக்கு நிறைவில்லை. சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "புதன்கிழமை கணக்குத் தப்பு" என்றார். பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிக்கு முதல் குடத்தை அவர்தான் பிடித்துக் கொடுத்தாராம். பேத்தி அதற்குப் பிறகுதான் நோட்டோடு வந்து நின்றிருக்கிறாள்.

13 என்பதை 14 ஆக்கினாள். 50 என்பது 51 ஆனது. முதல் குடத்தைத் தான் பார்க்கவில்லை, அதைப் பிடித்துக் கொடுத்தவர் சொன்ன தகவல் அது என்று அட்டவணைக்குக் கீழே அவளாகவே ஒரு குறிப்பும் எழுதினாள். அந்தக் குறிப்பு 'அக்கார்டிங் டு' என்று தொடங்கியது.